இருபத்தேழாம் பக்கத்து அரைக் கோடு

வாடகை நூலகம் நடத்துகிறவனுக்குப் புத்தகம் கொடுப்பதுதான் தொழில் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கொடுத்த புத்தகம் திரும்பி வருகிறதா என்று மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தொழில். ஒரே ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எனக்குப் பங்காளிகள்தான். அதனால் உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பதினெட்டு வருஷமாகக் கடை. புதன்கிழமைதோறும் மொபெட்டில் இரண்டு பை நிறையப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு சுற்றுப் போய் வருவேன். இத்தனை வருஷத்தில் என் வாசகர்களை இந்தப் பாடு படுத்தியவர் வேறு யாருமில்லை, ஒதீல் மார்வெக் ஒருவர்தான். பிரான்ஸ் தேசத்து நாவலாசிரியை. உயிரோடு, சௌக்கியமாக, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறவர். அவர் எங்கே, ராஜபாளையம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

குறி விழாத புத்தகம்

முதலில் எங்கள் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு நூறு நாவல் படிக்கிறவர்களுக்குத் தலைப்பு நினைவில் நிற்காது. படித்ததையே மறுபடி எடுத்துப்போய், பாதியில் கண்டுபிடித்து, என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். அதற்காக அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். படித்து முடித்த புத்தகத்தில் இருபத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு குறி. ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்குச் சூலம், ஒருவருக்கு மாங்காய். ஏன் இருபத்தேழு என்று யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று ஒரு பலகை எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்தப் பலகைக்குக் கீழேயே பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அருள்தாஸ். மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகள் வீட்டுக்கு வந்தபோது, தான் மொழிபெயர்த்த இரண்டு தடித் தடிப் புத்தகங்களை என் கையில் கொடுத்து, ஒதீல் மார்வெக்கின் நாவல், நான்கு பாகம், இதில் இரண்டு வந்திருக்கிறது, வாசகர்களுக்குக் கொடுங்கள் என்றார். மரியாதைக்கு வாங்கி வைத்தேன். ஐந்து மாதம் அலமாரியில் கிடந்தது. எடுத்துப் பார்ப்பார்கள், அட்டையில் ஆசிரியர் பெயரை வாய்விட்டுப் படிக்க முயற்சி செய்வார்கள், வைத்துவிடுவார்கள்.

செல்வமணி ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்தாள். நூல் மில்லில் ரிங் பிரேம் என்கிற நூற்பு மிஷின் ஓட்டுகிறவள், இருபத்தைந்து வருஷ சர்வீஸ், தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். கதை எப்படி என்றெல்லாம் கேட்கமாட்டாள். நேராக இருபத்தேழாம் பக்கத்தைத்தான் பார்ப்பாள். முடிச்சுப் போட்ட ஒரு சின்னக் கோடு அவளுடைய குறி. அது இருந்தால் வைத்துவிடுவாள். அன்றைக்கு இந்த முதல் பாகத்தைப் பிரித்து, வெள்ளை வெளேரென்று கிடந்த ஓரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பாவம், ஒருத்தரும் தொடலையே அண்ணாச்சி. நானாவது ஒரு கோடு போட்டுவிடுறேன்."

ஏட்டையா துப்பு துலக்குகிறார்

மூன்றே நாளில் திரும்பி வந்தாள். இரண்டாம் பாகத்தைக் கேட்டாள். மறுநாள் அவளுடன் ஷிப்ட் பார்க்கும் நான்கு பேர் மாடியேறி வந்து முதல் பாகத்துக்கு வரிசை கட்டினார்கள்.

விஷயம் இதுதான். கதை நடப்பது பிரான்சின் வடக்கே ஒரு மில் ஊரில். கதாநாயகி மார்த் நூல் மில் தொழிலாளி. அவள் புருஷன் லூசியன் ஒருநாள் சம்பளப் பையோடு வெளியே போனவன் வீடு திரும்பவே இல்லை. அவளுக்குக் கொழுந்தன் பிள்ளைகளை வளர்க்கிற பொறுப்பு வேறு. காலைச் சங்கு, பஞ்சுத் தூசி, மேஸ்திரியின் வாய், மாமியாரின் வாய், எல்லாம் அப்படியே நம்ம ஊர். குளிரும் ரொட்டியும் மட்டும்தான் அந்நியம். இரண்டு மாதத்தில் இருபத்தேழாம் பக்கத்தின் ஓரம் நிரம்பி, குறிகள் இருபத்தெட்டாம் பக்கத்துக்குத் தாவின. தாங்க முடியாமல் வாத்தியாருக்குப் போன் பண்ணி இன்னும் ஆறு பிரதி வரவழைத்தேன். எனக்கே ராத்திரி தூக்கம் வரவில்லை. கையில் கிடைத்திருப்பது என்ன சாமான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் பாகமும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் முத்துப்பாண்டி என்று ஓய்வு பெற்ற ஏட்டையா, என் புதன்கிழமைச் சுற்றில் முதல் வீடு அவர் வீடுதான். மூன்றாம் பாகத்தைத் திருப்பித் தரும்போது உள்ளே நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. லூசியன் கடைசியாக யாரிடம் பேசினான், எந்த ரயில் அந்த நேரத்துக்கு இருந்தது, மச்சினன் சொன்னதில் எங்கே உதைக்கிறது என்று பக்க எண்ணோடு எழுதியிருந்தார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாராட்டினேன். அவருக்கு மனசு ஆறவில்லை.

"காணாமப் போன ஒருத்தன் கேஸை மூணு பாகத்துக்கு இழுத்திருக்காக. நம்ம ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருந்தா முதல் பாகத்துலயே ஆளைக் கொண்டாந்து உக்கார வச்சிருப்பேன்."

போட்டோவில் இருக்கிற அம்மா

கதை பிடித்துவிட்டால் எழுதியவரைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். பின்னட்டையில் ஒரு போட்டோ. ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைமுடி, கைகட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் பக்கத்தில் நிற்கிறார், சிரிப்பில்லை. கீழே "மில் தொழிலாளியின் மகள்" என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் வேண்டுமென்று என்னைப் பிடுங்கியெடுத்தார்கள். வாத்தியாருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை ஆன் பண்ணி, கடையில் எட்டுப் பேர் சுற்றி நின்று கேட்டோம்.

இருபது வருஷம் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவராம். ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் காலாவதியான கால அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாராம். முதல் நாவல் அச்சாகும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. இப்போது அந்த நாட்டில் அவர் புத்தகம் வெளியாகிற அன்று காலையில் கடை வாசலில் கூட்டம் நிற்கிறதாம். மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம். ஆனால் அவர் அந்தப் பழைய ஊரில், அதே வீட்டில்தான் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாசகர் கடிதத்துக்குக் கைப்பட பதில் எழுதுவார். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போட்டோவோடு பலகையில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் யாரோ போட்டோவுக்குப் பொட்டு வைத்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை.

புகழ் எங்கே போய் நின்றது என்பதற்கு ஒன்று. வன்னியம்பட்டியில் குருசாமி என்று ஒரு சம்சாரி, விவசாயம்தான் தொழில், நல்ல வாசகர். புதிதாக ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கி, பால் வெள்ளை, அதற்கு லூசியன் என்று பேர் வைத்தார். அடுத்த மாதம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். நாயை அவிழ்த்துவிட்டால் பக்கத்துத் தோப்பில் போய்ப் படுத்துக்கொள்கிறதாம், தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. வீட்டுக்கே வராத பயலோட பேரை வச்சா நாய் மட்டும் எப்படி வரும்?"

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மூன்றாம் பாகத்தை முடித்த அன்று செல்வமணி குறி போடவில்லை. புத்தகத்தை என் மேஜைமேல் விரித்துவைத்து ஒரு பத்தியில் விரலை வைத்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மார்த்தின் மிஷினில் ஒரு நூல் அறுகிறது. அவள் மிஷினை நிறுத்துகிறாள், அமைதியில் நூலை ஒட்டுகிறாள், லூசியனை நினைத்து அழுகிறாள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது. பலரும் கண்கலங்கியதாகச் சொன்ன இடம்.

செல்வமணி எனக்குப் பாடம் எடுத்தாள். ரிங் பிரேமில் நூலை முறுக்கிச் சுற்றுகிற கம்பிகள், கதிர் என்பார்கள், நூற்றுக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். நூல் அறுவது நிமிஷத்துக்கு நிமிஷம் நடப்பது. ஒரு நூலுக்காக மொத்த மிஷினையும் எவளும் நிறுத்தமாட்டாள். மிஷின் ஓட ஓட, அந்த ஒரு கதிரை மட்டும் கையால் பிடித்து, நூலை எடுத்து, உருளையில் தொட்டு ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அதுதான் வேலை, அதுதான் கெட்டிக்காரத்தனம். அழுவதென்றாலும் நடந்துகொண்டேதான் அழ வேண்டும்.

எழுதிவிடு என்று நான்தான் தூண்டிவிட்டேன். எல்லாருக்கும் ஒரே குஷி, நம்ம ஊரிலிருந்து பிரான்சுக்கு ஒரு திருத்தம் போகிறதென்று. என் மேஜையில் உட்கார்ந்தே மூன்று பக்கம் எழுதினாள். ஓரத்தில் கை எப்படிப் போக வேண்டும் என்று படமும் போட்டாள். வாத்தியார் மொழிபெயர்த்து அனுப்பினார். கடைசி வரியை அவள் உரக்கப் படித்தபோது கடையே கைதட்டியது, நானும்தான்:

"உங்க அம்மா மில்லுல வேலை பாத்தவுகன்னு போட்டிருக்கு. அவுக இந்தப் பக்கத்தைப் படிச்சிருந்தா கிழிச்சிருப்பாக."

வராத பதில்

ஒரு மாதம், இரண்டு மாதம், பதிலில்லை. எல்லாருக்கும் கைப்பட எழுதுகிறவர் எங்களுக்கு எழுதவில்லை. பிறகு வாத்தியாரிடமிருந்து செய்தி வந்தது. நாலாம் பாகம் அச்சுக்குப் போக இருந்ததை ஒதீல் மார்வெக் திரும்ப வாங்கிக்கொண்டாராம். எப்போது தருவார், தருவாரா என்றே பதிப்பாளருக்குத் தெரியவில்லையாம். நான் மெதுவாகக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கே அண்மையில்தான் தெரிந்ததாம்: அந்தம்மாவுக்கு ஆறு வயதாகும்போதே தாயார் பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டுச் செத்துப்போனார். தாயார் மில்லில் வேலை செய்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் இதை யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. நூலகக்காரன் வாய்; சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஊர் என்ன செய்தது என்று கேட்க வேண்டாம். கைதட்டிய அதே ஆட்கள் செல்வமணியைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். ஏட்டையா, இது மனமறிந்து செய்த குற்றம் என்றார். மில் கேன்டீனில், உன்னாலதான் லூசியன் என்ன ஆனான்னு தெரியாமலே நாங்க சாகப்போறோம் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாளாம். செல்வமணி கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பதினெட்டு வருஷமாக வாரம் இரண்டு புத்தகம் படித்தவள், ஏழு மாதம் ஒன்றும் படிக்கவில்லை. எழுதச் சொன்னவன் நான், கெட்ட பேர் அவளுக்கு.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மறித்து நிறுத்தி, எல்லாரும் மறந்துபோவார்கள், நாலாம் பாகம் வந்தால் உனக்குத்தான் முதல் பிரதி என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு நாலாம் பாகம் வேண்டாம் அண்ணாச்சி. தாயில்லாப் பிள்ளைகிட்டப் போயி தாயைச் சொல்லி வைஞ்சுட்டேனே, அந்தம்மா மறுபடி எழுதினாப் போதும்."

கதிர் பிடித்த கை

அப்புறம் ஒரு திங்கட்கிழமை வாத்தியார் போன் பண்ணினார். குரலே சரியில்லை, மூச்சிரைக்கிறது. ஒதீல் மார்வெக் புதுச்சேரிக்கு வந்திருக்கிறார், வியாழக்கிழமை ராஜபாளையம் வருகிறார், மில்லைப் பார்க்க வேண்டுமாம், கடிதம் எழுதிய அம்மாளைப் பார்க்க வேண்டுமாம். போனை வைத்துவிட்டு நான் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன், எதற்கென்று தெரியாமலே.

மூன்று நாள் ஊர் ஊராக இல்லை. மில் மேனேஜர் அனுமதி கொடுத்தார். அவர் மனைவிக்கும் என் கடையில் குறி உண்டு. மதியச் சாப்பாடு ராஜபாளையமா ஸ்ரீவில்லிபுத்தூரா என்று தகராறு. பால்கோவா எங்கள் பொறுப்பு என்று ஏட்டையா தனியாகக் கொடி பிடித்தார். குருசாமி நாயைக் குளிப்பாட்டிக் கூட்டிவருவதாகச் சொன்னார். பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். வருவது திட்டுவதற்கா கொண்டாடுவதற்கா என்று ஒருவருக்கும் தெரியாது. செல்வமணிக்குத் தெரியும். திட்டத்தான். எனவே அவள் லீவு போடவில்லை, வரவேற்கவும் வரவில்லை. வழக்கம்போல ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

போட்டோவில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார் அந்தம்மா. மாலையை வாங்கி வாத்தியார் கழுத்தில் போட்டுவிட்டு, நேராக மில்லுக்கு என்றார். தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு நாங்கள் உள்ளே போனோம். ரிங் பிரேம் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. செல்வமணி எங்களைப் பார்த்து நின்றது ஒரு நொடிதான். அதற்குள் ஒரு நூல் அறுந்தது. கை தானாகப் போனது. கதிரைப் பிடித்தாள், நூலை எடுத்தாள், உருளையில் தொட்டாள், விட்டாள். அந்தம்மா இன்னும் கிட்டே போய், மறுபடி என்று விரலால் சைகை காட்டினார். மறுபடி. மறுபடி. பிறகு தன் கையை நீட்டினார். செல்வமணி அந்தக் கையைப் பிடித்துக் கதிரில் வைத்தாள். நான்கு தடவை நூல் அறுந்தது. ஐந்தாம் தடவை ஒட்டிக்கொண்டு பாபினில் சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தம்மாவின் கண் நிரம்பி வழிந்ததை நான் பார்த்தேன். என் கண்ணும்தான்; பஞ்சு என்று சொல்லிக்கொண்டேன்.

வெளியே வேப்பமர நிழலில், தோளெல்லாம் பஞ்சாக, செல்வமணியின் கையை விடாமல் அவர் பேசியதை வாத்தியார் தமிழில் சொன்னார்:

"என் அம்மாவின் கை எப்படி அசைந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வயதாகிவிட்டது. உங்கள் படத்தை வைத்துக்கொண்டு வெறும் காற்றில் ஏழு மாதம் பழகிப் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் புத்தகத்தை நிறுத்தினேன்."

குறி போடச் சொன்னோம்

நாலாம் பாகம் போன தை மாதம் வந்தது. முதல் பக்கத்திலேயே நூல் அறுகிறது. மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் பிரதி செல்வமணிக்கு, யாரும் எதிர்க்கவில்லை. அது இருக்கட்டும், அந்தம்மா மில்லுக்கு வந்த அன்று சாயங்காலம் என் கடையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் தொழிலுக்குத் துரோகம்.

மாடி தாங்குமா என்று பயப்படும் அளவுக்குக் கூட்டம். அந்தம்மா இருபத்தேழாம் பக்கத்தைப் பார்த்து, புள்ளியும் சூலமும் மாங்காயுமாக எல்லாவற்றையும் விரலால் தடவித் தடவி, இது யார், இது யார் என்று கேட்டார். ஒவ்வொருத்தராக முன்னால் வந்து நின்றோம். ஏட்டையா சல்யூட்டே அடித்துவிட்டார். பிறகு நான் மூன்றாம் பாகத்தை எடுத்து, பென்சிலை நீட்டி, உங்கள் குறியையும் போட வேண்டும் என்றேன். இதற்காக இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் பென்சிலை வாங்கவில்லை. படித்து முடித்தவர்கள்தானே போட வேண்டும், எனக்குத் தமிழ் தெரியாது, இந்தப் புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லையே என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அத்தனை நேர்மையான முகம். நீட்டிய கையை நான் எங்கே வைப்பது? ஊர் முழுக்க என்னைப் பார்க்கிறது.

செல்வமணி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து, அந்தம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, உரக்கப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை, நிறுத்தி நிதானமாக. அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மிஷினை நிறுத்துகிற இடம் வந்ததும் மில்லுக்காரப் பெண்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் மொழிபெயர்க்கவில்லை. மார்த், மிஷின் என்று காதில் விழுந்ததிலேயே எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்து, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். படித்து முடித்ததும் செல்வமணி பக்கத்தைத் திருப்பி, இருபத்தேழை விரித்து, இத்தனை மாதமாகப் போடாமல் வைத்திருந்த தன் முடிச்சுக் கோட்டை முதலில் போட்டாள். பிறகு பென்சிலை அந்தம்மா பக்கம் நீட்டி, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"முழுசாப் படிச்சாத்தான் முழுக் குறி அண்ணாச்சி, அதுல மாத்தமில்ல. ஒரு பக்கம் கேட்டிருக்காகள்ல, அரைக் கோடு போட்டுக்கிடச் சொல்லுங்க."

அந்த அரைக் கோடு விழுந்த பிரதியை இன்றைக்கும் வாடகைக்குத்தான் விடுகிறேன், எழுதியவரே இன்னும் படித்து முடிக்காத புத்தகத்தைச் சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள் என்று எவரையும் நெருக்க மட்டும் எனக்கு வாய் வருவதில்லை.